பாதி வழியில் தெரியும் பந்து

காலையிலிருந்து அண்ணனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஸ்டாண்டிலிருந்து கேமராவைக் கழற்றினான், துடைத்தான், திரும்ப மாட்டினான், மாட்டிய கையோடு மறுபடி கழற்றினான். பின்னறையில் பாஸ்போர்ட் படங்களை வெட்டிக்கொண்டிருந்த அண்ணி கத்தரிக்கோலை நிறுத்தாமலே கேட்டாள்.

"என்ன அது, நகைக்கடையில சங்கிலி பாக்கற மாதிரி போட்டுப் போட்டுக் கழட்டறீங்க?"

"திருகு சரியா இருக்கான்னு பாக்கறேன்."

"திருகு நல்லாத்தான் இருக்கு. உங்களுக்குத்தான் ஏதோ கழண்டிருக்கு."

அவன் மறுபடி திருகை முறுக்கினான். அந்தக் கேமரா ஸ்டாண்டை விட்டு இறங்கியே பல வருடம் ஆகியிருந்தது. ஸ்டுடியோ என்பது ஒரே அறை. வெள்ளைத் திரை ஒன்று, உயரம் மாற்றும் முக்காலி ஒன்று, இரண்டு பக்கமும் குடை கவிழ்த்த இரண்டு ஃபிளாஷ் விளக்குகள். வருகிறவர் முக்காலியில் உட்காருவார். "மோவாயைக் கொஞ்சம் இறக்குங்க. கண்ணைத் திறங்க." ஒரு மின்னல். முடிந்தது. அந்த அறையில் வெளிச்சம் மாறாது, தூரம் மாறாது, ஆள் அசைவதும் இல்லை. அதனால் கேமராவில் இருக்கும் எண்களும் மாறியதில்லை. ஷட்டர் நூற்றிருபத்தைந்து, துவாரம் எட்டு, ஐஎஸ்ஓ நூறு. தன் வீட்டுக் கதவு எண்ணைப் போல அவை அவனுக்குள் பதிந்து கிடந்தன.

இன்று அந்த மூன்றையும் மாற்றியாக வேண்டும். எதற்கு மாற்றுவது என்பதுதான் காலையிலிருந்து அவனைப் பிடித்து ஆட்டியது.

காரணம் அவன் தங்கை. மருந்துக் கடையில் பகல் முழுவதும் நின்று வேலை பார்த்துவிட்டு, சாயங்காலமானால் கையுறையை மாட்டிக்கொண்டு பெண்கள் கால்பந்து அணிக்கு கோல் காப்பவள். எங்கே விழுந்தாலும் அடுத்த நொடி எழுந்து நிற்பாள் என்பதால் அணியில் அவள் பெயர் பூனை. ஆறு வருடமாக முதல் சுற்றிலேயே தோற்று வீட்டுக்கு வந்துகொண்டிருந்த அணி, இந்த வருடம் இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டது. ஆட்டம் வரும் ஞாயிற்றுக்கிழமை. போன வாரப் பயிற்சியின்போது கோச் எல்லோர் முன்னாலும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டார்.

"பந்து வரும்போது நீ கண்ணை மூடற, பூனை."

"இல்ல கோச்."

"மூடற. நான் பாத்தேன்."

"மூடினா எப்படி கோச் பிடிக்கிறேன்?"

"அதான் எனக்கும் புரியலை. சில சமயம் பிடிக்கற, சில சமயம் ஒரு மூச்சு தாமதமாப் பாயற."

இரண்டு பேரும் விடவில்லை. கடைசியில் கோச்தான் ஒரு வழி சொன்னார். அவர் நடுவயதைத் தாண்டிய பெண்மணி. முழங்காலில் இரண்டு தழும்பு, கழுத்தில் எப்போதும் விசில். "உங்க அண்ணன் போட்டோ எடுக்கறவர்தானே? இறுதி ஆட்டத்துக்கு முன்னால ஒரு பயிற்சி ஆட்டம் இருக்கு. வந்து எடுக்கட்டும். பந்து வர்ற நேரத்துல கண் திறந்திருந்தா இறுதி ஆட்டத்துல நீ நிக்கற, நான் வாயைத் திறக்க மாட்டேன். மூடியிருந்தா நெட்டை நிப்பா." நெட்டை என்பவள் அணியின் இரண்டாவது கோல் காப்பாளர். நல்ல உயரம், நல்ல பிள்ளை. அதனால் அவளைத் திட்டவும் முடியவில்லை.

வீட்டுக்கு வந்த பூனை, செருப்பைக்கூடக் கழற்றாமல் அண்ணன் முன்னால் நின்றாள். "ஊர்ல இருக்கறவன் கண்ணு திறந்திருக்கா மூடியிருக்கான்னு பாக்கறதுதானே உனக்குப் பொழைப்பு? எனக்கு ஒரு தடவை பாரு."

அது உண்மைதான். கண் மூடிய படத்தை எந்த அலுவலகமும் வாங்காது. கண் சிமிட்டுவது அவ்வளவு ஒன்றும் வேகமான காரியம் இல்லை. ஒரு நொடியைப் பத்தாகப் பிரித்தால், அதில் ஒரு பங்கிலிருந்து மூன்று பங்கு வரை ஆகும். படம் விழும் நேரத்தைவிட அது பல மடங்கு நீளம். அதனால்தான் அத்தனை படங்களில் மூடிய கண் மாட்டிக்கொள்கிறது. ஆனால் அண்ணன் கையில் மாட்டாது. சிமிட்டப் போகிற ஆளின் கீழ் இமை லேசாகத் துடிக்கும், புருவம் ஒரு இழை இறங்கும். அதைக் கண்டதும் அவன் விரல் தானாக நின்றுவிடும். சிமிட்டி முடித்ததும் தானாக அழுத்தும். இதை அவனுக்கு யாரும் கற்றுத் தரவில்லை. ஆயிரக்கணக்கான முகங்கள் கற்றுத் தந்தன.

அந்த விரலை நம்பித்தான் இன்று மத்தியானம் பயிற்சி ஆட்டம் நடக்கும் மைதானத்துக்குக் கிளம்பினான். கல்யாண ஆல்பம் போடும் நண்பனிடம் இரவல் வாங்கிய நீள லென்ஸ் தோளில் தொங்கியது. அண்ணி குடையும் தண்ணீர் பாட்டிலுமாகப் பின்னால் வந்தாள்.

மைதானத்தைச் சுற்றிக் கம்பி வேலி. ஒரு ஓரத்தில் சிமெண்டுப் படிக்கட்டு. புல் பாதி, மண் பாதி. காற்று பலமாக இருந்தது. மேகம் சூரியனை மறைப்பதும் விலகுவதுமாக இருந்ததில் தரை மாறி மாறி வெளுத்துக் கறுத்தது. முதலில் எங்கே நிற்பது என்றே அவனுக்குப் பிடிபடவில்லை. கோலுக்குப் பின்னால் நின்றால் பூனையின் முதுகுதான் தெரியும். கோலுக்குப் பக்கவாட்டில் நின்றால் ஒரு கண் மட்டும். முகம் வேண்டுமென்றால் அவள் எதைப் பார்க்கிறாளோ அந்தத் திசையில் நிற்க வேண்டும். ஆனால் ஆடுகளத்துக்குள் போய் நிற்க முடியாது. ஓரக் கோட்டை ஒட்டி நடுக்கோட்டுப் பக்கமாக நடந்து நடந்து, இரண்டு கண்ணும் தெரிகிற ஓர் இடத்தில் முட்டி போட்டான். சூரியன் அவன் முதுகுக்குப் பின்னால் இருந்தது. பூனையின் முகத்தில் நல்ல வெளிச்சம்.

விசில் ஊதியது. பழைய எண்களை மாற்றாமலே எடுத்த முதல் ஐந்து படங்களும் குப்பை. கைகள் இருந்த இடத்தில் புகை. முகம் ஈரத் துணியால் துடைத்ததுபோல இழுபட்டிருந்தது.

"என்னங்க இது, அவ மூஞ்சி மேல பஸ் போயிருக்கா?" என்றாள் அண்ணி.

அவனுக்கு ஒரு கணம் விளங்கவில்லை. இதே நூற்றிருபத்தைந்தில்தானே இத்தனை காலமும் ஊசிபோலத் தெளிவாகப் படம் விழுந்தது? பிறகு தலையில் அடித்துக்கொண்டான். ஸ்டுடியோவில் அசைவை நிறுத்தியது ஷட்டர் அல்ல, ஃபிளாஷ். அந்த மின்னல் எரிவது கண்ணுக்கு எட்டாத சின்னஞ்சிறு நேரம். அறை மங்கலாக இருப்பதால் ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்து கிடந்தாலும், மின்னல் அடித்த அந்தத் துளி நேரம் மட்டுமே படத்தில் பதியும். இங்கே மின்னல் கிடையாது. சூரியன் நிறுத்தாமல் ஊற்றுகிறது. ஷட்டர் திறந்திருக்கும் நேரம் முழுவதும் பூனை எங்கெங்கே நகர்ந்தாளோ அத்தனையும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகிறது. ஆக, ஷட்டர் கதவை அதிவேகமாகச் சாத்துவது ஒன்றே வழி.

ஆயிரத்துக்கு ஏற்றினான். ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கை தெளிந்தது, ஆனால் படம் இருண்டுவிட்டது. குறைந்த நேரம் திறந்தால் குறைந்த வெளிச்சம்தானே வரும். ஈடுகட்ட லென்ஸின் துவாரத்தை எட்டிலிருந்து நாலுக்கு அகலமாக்கினான்; எண் குறைந்தால் துளை பெரிதாகும். மேகம் மூடியபோது அதுவும் போதவில்லை. கேமராவின் உணர்திறனான ஐஎஸ்ஓவைத் தானாக ஏறி இறங்கும்படி விட்டான். ஏறினால் படத்தில் மணல் தூவியதுபோலப் புள்ளி விழும். விழட்டும். புள்ளி விழுந்த முகத்தில் கண் திறந்திருக்கிறதா என்று சொல்லிவிடலாம், இழுபட்ட முகத்தில் சொல்ல முடியாது. மூன்றில் எதை விட்டுக்கொடுக்கலாம், எதைக் கூடாது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

மீதிப் பாதி ஃபோக்கஸ். அவன் பழக்கப்படி பொத்தானைப் பாதி அழுத்தித் தூரத்தைப் பூட்டிவைத்தான். பூனை நாலடி முன்னால் ஓடிவந்ததும் அவள் மங்கி, பின்னாலிருந்த வலை முடிச்சு முடிச்சாகப் பளிச்சென்று விழுந்தது. முக்காலியில் உட்கார்ந்த மனிதர் எழுந்து ஓட மாட்டார், இவள் ஓடுவாள். தூரத்தைப் பூட்டாமல் ஆளைத் தொடர்ந்துகொண்டே இருக்கும் ஃபோக்கஸுக்கு மாற்றினான். நடுப் புள்ளி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு அதை அவள் முகத்தில் ஒட்டவைத்தான். குறுக்கே தடுப்பாட்டக்காரி ஓடினால் கேமரா அவளைத் தொற்றிக்கொண்டு போயிற்று. அதற்கும் ஒரு குமிழ் இருந்தது: குறுக்கே யார் வந்தாலும் சற்றுப் பொறுத்து, பழைய ஆளையே பிடித்திரு என்று சொல்லலாம். அதையும் திருகினான்.

இதற்குள் கால் மணி நேரம் போயிருந்தது. அடுத்த அரை மணியில் பந்து ஏழெட்டு முறை பூனையிடம் வந்தது. ஒவ்வொரு முறையும் அழுத்தினான். திரையில் பெரிதாக்கிப் பார்த்தான். திறந்த கண். அடுத்ததிலும் திறந்த கண். புருவம் வியர்த்திருக்கிறது, பல்லைக் கடித்திருக்கிறாள், கண் விரியத் திறந்திருக்கிறது. எல்லாவற்றிலும்.

இடைவேளை விசில் ஊதியபோது அவனால் பொறுக்க முடியவில்லை. எழுந்து நின்று கட்டை விரலைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினான். "எல்லாத்துலயும் திறந்திருக்கு!"

பூனை கையுறையோடு கையைத் தட்டினாள். தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு கோச்சைப் பார்த்து, "கேட்டுச்சா கோச்?" என்று கத்தினாள். கோச் தோளைக் குலுக்கினார். "ஆட்டம் முடியட்டும். நானே பாக்கறேன்." சற்றுத் தள்ளி உட்கார்ந்திருந்த நெட்டை தலையைக் குனிந்து ஷூ நாடாவை அவிழ்த்துக் கட்டினாள்.

அண்ணி அவன் கையிலிருந்து கேமராவை வாங்கிப் படங்களைத் தள்ளிக்கொண்டே வந்தாள். படங்களை வெட்டுவது அவள் வேலை. தலைக்கு மேலே எத்தனை இடம், காதுக்குப் பக்கத்தில் எத்தனை இடம் என்று விளிம்பைப் பார்த்தே பழகிய கண். முகத்தைவிட முகத்தைச் சுற்றி என்ன இருக்கிறது என்பதுதான் அவளுக்கு முதலில் தெரியும்.

"ஏங்க, பந்து எங்க?"

"எந்தப் பந்து?"

"இதுல பந்து அவ கைக்குள்ள இருக்கு. இதுல இன்னும் உதைக்கவே இல்ல, அந்தப் பொண்ணு ஓடி வர்றா. இதுல மறுபடி கைக்குள்ள. நடுவுல பறந்து வர்ற பந்து ஒரு படத்துலகூட இல்லையே?"

அவன் வாங்கிப் பார்த்தான். ஒவ்வொன்றாக. உதைப்பதற்கு முன், பிடித்த பின். உதைப்பதற்கு முன், பிடித்த பின். நடுவில் ஒன்றும் இல்லை. அவன் அந்த நேரத்தில்தான் அழுத்தினான், அழுத்தியதாகத்தான் நினைத்திருந்தான்.

"நீங்க கண்ணு மூடினா அமுக்கவே மாட்டீங்களே" என்றாள் அண்ணி, குரலைத் தாழ்த்தி.

அவன் வலது ஆள்காட்டி விரலைப் பார்த்தான். யாருடைய விரலையோ பார்ப்பதுபோல இருந்தது. நடுவில் படம் இல்லை என்றால் விரல் நின்றிருக்கிறது. விரல் நின்றது என்றால் கீழ் இமை துடித்திருக்கிறது. மூளைக்குத் தெரியாதது விரலுக்குத் தெரிந்திருக்கிறது. திறந்த கண்ணை மட்டும் பொறுக்கி எடுத்து, இதோ சாட்சி என்று தூக்கிக் காட்டியிருக்கிறான்.

"இப்ப என்ன பண்றது?"

"என்னைக் கேட்டா? நான் வெட்டறவ."

"இருக்கறதையே காட்டிட்டா?"

அண்ணி குடையை மடக்கினாள். "காட்டலாம். கோச்சுக்கு என்ன தெரியப்போகுது. உங்களுக்குத் தெரியும். அவ்வளவுதான்."

இரண்டாம் பாதிக்கு அணிகள் பக்கம் மாறின. அவனும் ஓட்டமும் நடையுமாக மறுபக்கம் போனான். தன் விரலை இனி நம்பக் கூடாது என்பது மட்டும் தெளிவாக இருந்தது. ஒற்றைப் படத்திலிருந்து தொடர் படத்துக்கு மாற்றினான். அழுத்திப் பிடித்தால் நொடிக்குப் பத்துப் படம். நிறுத்துவது யார் என்ற கேள்வியே இல்லை; கடிகாரம்போலத் தட்டிக்கொண்டே போகும். கண் மூடினாலும் தட்டும்.

இந்தப் பக்கம் வேறு தொல்லை. சூரியன் இப்போது கோலுக்குப் பின்னால். வானத்து வெளிச்சத்தைக் கண்ட கேமரா, படத்தை இருட்டாக்கியது. பூனையின் முகம் கறுத்துப்போனது. கேமராவுக்கு எது முகம், எது வானம் என்று தெரியாது. மொத்தத்தையும் கூட்டிச் சராசரி போடும். முகம்தான் வேண்டும் என்று அதற்குச் சொல்ல வேண்டும். வெளிச்சக் கணக்கை ஒன்றரைப் படி கூட்டினான். வானம் வெள்ளைத் தாளாகிப்போனது. போகட்டும்.

சரி செய்து நிமிர்வதற்குள் எதிரணியின் முன்வரிசைக்காரி தனியாகப் பாய்ந்து வந்தாள். அவசரத்தில், அவள் இன்னும் பாதி மைதானத்தில் இருக்கும்போதே அவன் அழுத்திவிட்டான். டக்டக்டக்டக்கென்று ஓடியது. அவள் காலை ஓங்கியபோது கேமரா நின்றது. விரல் அழுத்தியபடிதான் இருந்தது; கேமரா ஊமையாகிவிட்டது. பந்து வலையில் விழுந்தது.

பூனை ஒரு மூச்சு தாமதமாக, சரியான பக்கம்தான் பாய்ந்திருந்தாள்.

"நிக்கறா பாரு!" என்று பூனை தரையில் உட்கார்ந்தபடியே தன் தடுப்பாட்டக்காரியைப் பார்த்துக் கத்தினாள். "சந்தைக்கு வந்த மாதிரி நிக்கறா!"

கேமரா நின்றதற்குக் காரணம் அதன் தொண்டை. எடுத்த படத்தைக் கார்டில் எழுதும் வரை ஓர் இடைக் கிடங்கில் வைத்திருக்கும். அது சின்னது. ஸ்டுடியோவில் ஒவ்வொன்றாக எடுப்பதால் படத்தை மிகப் பெரிய வடிவில் பதியும்படி வைத்திருந்தான். முப்பது படத்தில் கிடங்கு முட்டிவிட்டது. சிறிய வடிவுக்கு மாற்றினான். இன்னொன்றும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்: சீக்கிரம் அழுத்தாதே. கால் பந்தை நோக்கிக் கீழே வரும்போது அழுத்து. முதல் பாதியில் விரலுக்குச் சந்தேகம் அதிகம். இப்போது அவசரம் அதிகம்.

நேரம் போய்க்கொண்டே இருந்தது. பந்து அந்தப் பக்கமே கிடந்தது. அவன் முட்டி வலித்தது, எழுந்தான், உட்கார்ந்தான். ஒரு மேகம் வந்தபோது எண்களைப் பார்த்தான்; போனபோது மறுபடி பார்த்தான். பந்து வரக் கூடாது என்று நினைத்தான். வராவிட்டால் முதல் பாதிப் படங்கள் மட்டும்தான் மிஞ்சும் என்றும் நினைத்தான். அது நல்லதா கெட்டதா என்று அவனுக்கே தெரியவில்லை.

ஆட்டம் முடியச் சில நிமிடங்கள் இருக்கையில் ஃப்ரீ கிக். கோலுக்கு நேர் எதிரே, இருபது மீட்டர் தூரத்தில். பூனை கையை ஆட்டி ஆட்டித் தடுப்பு வரிசையை நகர்த்தினாள். அவன் புள்ளியை அவள் முகத்தில் வைத்தான். எதிரணிப் பெண் மூன்றடி ஓடி வந்தாள். கால் கீழே இறங்கியபோது அழுத்தினான், விடவில்லை.

பந்து வரிசைக்கு மேலே வளைந்து, மேல் மூலையை நோக்கிப் போனது. பூனை முழு நீளத்துக்குப் பறந்தாள். விரல் நுனியில் பட்டு, கம்பத்தில் மோதி, வெளியே தெறித்தது.

மைதானமே எழுந்து நின்றது. நெட்டைகூடக் குதித்தாள். தோழிகள் பூனையின் மேல் விழுந்து அமுக்கினார்கள். விசில் ஊதியதும் அவள் நேராக அண்ணனை நோக்கி ஓடிவந்தாள். முகமெல்லாம் மண், வாயெல்லாம் பல்.

"எடுத்தியா? அதை எடுத்தியா? காட்டு!"

அவன் ஏற்கனவே பார்த்துவிட்டான். அண்ணியும் பார்த்துவிட்டாள். அவன் முகத்தைப் பார்த்த பூனையின் சிரிப்பு மெல்ல இறங்கியது.

"என்ன? மங்கலா வந்துடுச்சா?"

"இல்ல. நல்லாத்தான் வந்திருக்கு."

கேமராவை அவள் கையில் கொடுத்தான். முதல் படத்தில் உதைக்கும் கால் பந்தைத் தொடுகிறது, கண் திறந்திருக்கிறது. இரண்டாவதில் பந்து காலை விட்டுக் கிளம்பிவிட்டது, கண் மூடியிருக்கிறது. மூன்றாவதிலும் மூடியிருக்கிறது, இறுக்கமாக, மூக்கு சுருங்கி. நான்காவதில் பாதி திறந்திருக்கிறது. பந்து தடுப்பு வரிசையைத் தாண்டிவிட்டது. அதற்குப் பிறகு எல்லாவற்றிலும் விரியத் திறந்த கண். பந்து விரலில் படும் படத்தில்கூட.

பூனை மூன்று முறை முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தாள்.

"அழிச்சிடு."

"இங்க பாரு..."

"அழிச்சிடு அண்ணா. முதல் பாதியில எல்லாம் திறந்திருக்குன்னு சொன்னியே. அதைக் காட்டு. தடுத்துட்டேன்ல? மூலையில போனதைத் தடுத்தேன்ல? அப்புறம் என்ன?"

"அந்தப் படத்துல எல்லாம் பந்தே இல்லடி. நான் மூடாத நேரமாப் பாத்துப் பாத்து எடுத்திருக்கேன். எனக்கே தெரியாம."

"தெரியாமத்தானே எடுத்த? தெரியாமலே காட்டு!" அவள் கேமராவை அவன் பக்கம் நீட்டினாள். "நீயெல்லாம் ஒரு அண்ணனா? ஊரான் தங்கச்சிக்கு எல்லாம் கண்ணைத் திறக்க வச்சு எடுப்ப, எனக்கு மட்டும் மூடினதாப் பாத்து எடுப்பியா?"

கோச் படிக்கட்டுப் பக்கமிருந்து நடந்து வந்துகொண்டிருந்தார். வழியில் யாரோ நிறுத்திப் பேசினார்கள்.

அவள் பிடித்திருந்த கேமராவில் அவன் கட்டை விரல் அழிக்கும் பொத்தானின் மேல் போய் நின்றது. அழுத்தினால், அழிக்கவா என்று கேமரா ஒரு முறை கேட்கும். ஆம் என்றால் போய்விடும். "சரி" என்றான் கடைசியில். "அழிக்கிறேன். உன் மூஞ்சி, உன் கண்ணு. நீ சொன்னா அழிக்கிறேன். ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், பதில் சொல்லிட்டு அழிக்கச் சொல்லு. உதைச்ச உடனே பந்து எப்படித் தெரிஞ்சுது உனக்கு?"

"எப்படின்னா? பந்து மாதிரி தெரிஞ்சுது."

"கால்ல இருந்து கிளம்பி வர்றது தெரிஞ்சுதா?"

அவள் சிடுசிடுப்பாக ஏதோ சொல்ல வாயைத் திறந்து, நிறுத்தினாள். மறுபடி திரையைப் பார்த்தாள். இரண்டாவது படம். மூன்றாவது. நான்காவது.

"கால்ல இருக்கும்" என்றாள் மெதுவாக. "அப்புறம் பாதி வழியில இருக்கும்."

"நடுவுல?"

"நடுவுல எதுவும் இல்ல. வேகமா வர்ற பந்து அப்படித்தான் குதிச்சு வரும்." அவள் அண்ணியைப் பார்த்தாள். "எல்லாருக்கும் அப்படித்தானே?"

அண்ணி தலையை மட்டும் இல்லை என்று அசைத்தாள்.

பூனை கேமராவைப் பிடித்தபடி நின்றாள். காற்றில் வலை அசைந்துகொண்டிருந்தது. பதினைந்து வயதிலிருந்து அவள் கோலில் நிற்கிறாள். அன்றிலிருந்து பந்து அவளுக்குக் காலிலிருந்து மறைந்து பாதி வழியில் தோன்றிக்கொண்டிருந்திருக்கிறது. அந்தப் பாதியில் எந்தப் பக்கம் வளைகிறது என்று தெரியாமலே, மிச்சப் பாதியை வைத்துப் பாய்ந்து பாய்ந்து பிடித்திருக்கிறாள். அது எவ்வளவு கடினமான காரியம் என்று நினைக்கையில் அண்ணனுக்கு மலைப்பாக இருந்தது. அதைச் சொல்ல இது நேரமில்லை.

கோச் வந்துவிட்டார். "என்ன ஸ்டுடியோ தம்பி, கட்டை விரலைத் தூக்கினீங்களே. பாக்கலாமா?"

அண்ணன் வாயைத் திறப்பதற்குள் பூனை கேமராவை நீட்டினாள். "முதல் பாதியை விட்டுடுங்க கோச். இதைப் பாருங்க. உதைக்கறப்ப மூடறேன்."

கோச் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். நிதானமாக, இரண்டு முறை. "பந்து கிட்ட வரும்போது மூடறேன்னு நினைச்சேன்" என்றார். "அது இல்ல. கிட்ட வரும்போது நல்லாத் திறந்திருக்கு. உதைக்கற சத்தத்துக்கு மூடற." படத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "இதைப் பாக்காம எவ்வளவு திட்டினேன் உன்னை, தப்பான இடத்தைச் சொல்லி" என்றார்.

"சரி பண்ணிக்கலாமா கோச்?"

"பண்ணலாம். ஆனா ஒரு வாரத்துல ஆகுமான்னு தெரியலை." கண்ணாடியைக் கழற்றினார். "இறுதி ஆட்டத்துல நெட்டை நிக்கட்டும், பூனை."

அவள் தலையாட்டினாள். இன்னும் ஒரு முறை ஆட்டினாள், அது போதாததுபோல. கோச் அவள் தோளில் கை வைத்துவிட்டு, நெட்டை இருந்த பக்கம் நடந்தார்.

அண்ணன் ஏதாவது சொல்ல வேண்டும் என்று தேடினான். பூனை கேமராவை அவன் நெஞ்சில் அழுத்திக் கொடுத்தாள்.

"என்கிட்டப் பேசாத. ஒரு வாரத்துக்குப் பேசாத."

"சரி."

அவள் ஐந்தாறு அடி போனாள். நின்றாள். தரையில் கிடந்த பந்தை எடுத்து அண்ணியை நோக்கி வீசினாள்.

"அண்ணி, உதைக்க வருமா?"

"வரும். ஆனா எங்க போகும்னு எனக்கே தெரியாது."

"அதுதான் வேணும்." கையுறைப் பட்டியைப் பல்லால் இழுத்து இறுக்கிக்கொண்டே கோலுக்குப் போனாள். அங்கிருந்து, யாரையும் பார்க்காமல் கத்தினாள். "அந்தாளை எடுக்கச் சொல்லுங்க!"

வெளிச்சம் இறங்கிவிட்டது. ஆயிரத்தில் எடுத்தால் இனி ஒன்றும் தெரியாது. அவன் துவாரத்தை லென்ஸ் அனுமதிக்கும் மட்டும் திறந்தான். ஷட்டரை ஐந்நூறுக்கு இறக்கினான். கை கொஞ்சம் இழுபடும். இமை இழுபடாது. அது போதும்.

அண்ணி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உதைத்தாள். பந்து கோணலாகப் போனது. பூனை பாய்ந்து அமுக்கினாள்.

"என்னவாம்?" என்றாள் தரையிலிருந்தபடியே.

அவன் பெரிதாக்கிப் பார்த்தான். "மூடியிருக்கு."

"இன்னொண்ணு, அண்ணி."

"மூடி."

"இன்னும் சத்தமா உதைங்க அண்ணி!"

அண்ணி ஓடி வந்து உதைத்தாள். அவன் அழுத்திப் பிடித்தான். திரை வெளிச்சமாகும் முன்பே பூனை பந்தைத் திருப்பி உருட்டிவிட்டு, மறுபடி கோட்டில் வந்து நின்றிருந்தாள்.